மனநல வார்டுல முதல் நாள்: ஒரு நர்ஸ் என்ன பேசணும், என்ன பேசக்கூடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துட்டோம். பேச்சுநடையை மாத்தல.)

இன்னைக்கு எபிசோட் ஒரு லிசனர் கேட்டதுக்காக. பி.எஸ்சி. நர்ஸிங் மூணாவது வருஷம் படிக்கிறாங்க, அடுத்த மாசம் சைக்கியாட்ரி போஸ்டிங். அவங்க அனுப்பின மெசேஜோட சுருக்கம் இது: "புக்ல பிரின்சிபிள்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு. எல்லாம் மனப்பாடம். ஆனா வார்டுல ஒருத்தர் எதிர்ல போய் உக்காந்தா என்ன பேசுறதுன்னு தெரியல. பயமா இருக்கு."

முதல்லயே சொல்லிடுறேன். நான் கோட் எழுதுற ஆள். டாக்டரும் கிடையாது, நர்ஸும் கிடையாது. பாடத்துல இருக்குறதையும் சட்டத்துல இருக்குறதையும் படிச்சு, நமக்குப் புரியுற மாதிரி அடுக்கி வெச்சிருக்கேன். உங்க டியூட்டர் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் முட்டிக்கிட்டா, டியூட்டர் சொல்றதைக் கேளுங்க.

நர்ஸிங் படிக்காதவங்க ஆஃப் பண்ணிடாதீங்க. நிம்ஹான்ஸ் 2015-16-ல நடத்தின தேசிய மனநல சர்வேல, பெரியவங்கள்ல நூத்துக்குப் பத்து பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோட இருக்காங்கன்னு வந்துச்சு. அதுல பெரும்பாலானவங்களுக்கு சிகிச்சையே போய்ச் சேரல. நோயைப் பொறுத்து 70 சதவீதத்துல இருந்து 90-ஐத் தாண்டி வரைக்கும் இடைவெளி. அப்போ நம்ம வீட்டுல, நம்ம டீம்ல, நம்ம ரூம்ல யாரோ ஒருத்தர் இருக்காங்க. அவங்ககிட்ட எப்படிப் பேசுறதுங்கிறது வெறும் நர்ஸுக்கான கேள்வி இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. சென்னையில வளர்ந்தவங்க எல்லாரும் "டேய், உன்னைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா"ன்னு யாரையாவது கிண்டல் பண்ணியிருப்போம், இல்ல சினிமாவுல கேட்டுச் சிரிச்சிருப்போம். அந்தக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தோட வரலாறு 1794-ல ஆரம்பிக்குது. இருநூறு வருஷத்துக்கும் மேல ஊருக்கு வேலை செஞ்ச ஒரு ஆஸ்பத்திரியோட பேரை நாம திட்டுற வார்த்தையா வெச்சிருக்கோம். போஸ்டிங் போற ஸ்டூடன்ட்டோட பயத்துல பாதி இங்க இருந்துதான் வருது. அது வார்டுல இருந்து வர்ற பயம் இல்ல, நாம கேட்டு வளர்ந்த ஜோக்ல இருந்து வர்ற பயம்.

டூல் எங்க இருக்கு?

சர்ஜிகல் வார்டுல நர்ஸ் கையில என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் டிரே, ட்ரிப், பி.பி. மெஷின். மனநல வார்டுல மாத்திரையும் ஊசியும் உண்டு, ஆனா முக்கியமான டூல் நர்ஸோட பேச்சு, முகம், உக்கார்ற விதம், பொறுமை. பாடத்துல இதை 'தெரபியூட்டிக் யூஸ் ஆஃப் செல்ஃப்'னு சொல்றாங்க. அதாவது உங்களையே மருந்தா பயன்படுத்துறது.

இந்த யோசனைக்கு ஒரு கோட்பாடா உருவம் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ். 1952-ல வந்த அவங்க புத்தகத்துல சொன்னதோட சாரம் இது: நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவுல இருக்குற உறவுதான் நர்ஸிங்கோட மையம். அந்த உறவுல நர்ஸ் எடுத்துக்குற பல ரோல்களை அவங்க பட்டியல் போட்டாங்க. ஆசிரியர், ஆலோசகர், வழிகாட்டின்னு எல்லாம் வரும். அதுல முதல் ரோல் எது தெரியுமா? அந்நியர். நீங்க முதல் நாள் போகும்போது அவருக்கு யாரோ ஒருத்தர். ஒரு அந்நியருக்கு நாம கொடுக்குற அடிப்படை மரியாதையில இருந்துதான் எல்லாமே ஆரம்பிக்குது.

அதனால முதல் நாள் என்ன பேசுறதுங்கிறதுக்கு விடை ரொம்ப சிம்பிள். பேரைச் சொல்லுங்க. எந்தக் காலேஜ், எத்தனை நாள் இருப்பீங்க, என்ன வேலையா வந்திருக்கீங்கன்னு சொல்லுங்க. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"னு கேளுங்க. அவர் பேச விரும்பலைன்னா, "பரவாயில்லைங்கய்யா, நான் ஒரு பத்து நிமிஷம் இங்க உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டு உக்காருங்க. சும்மா உக்கார்றதும் ஒரு டெக்னிக்தான். யாருமே வந்து பக்கத்துல உக்காராத ஒருத்தருக்கு அந்தப் பத்து நிமிஷம் சின்ன விஷயம் கிடையாது.

ஏத்துக்கிறதுன்னா என்ன?

பட்டியல்ல முதல் பாயின்ட் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும்: நோயாளியை அவர் இருக்குற மாதிரியே ஏத்துக்கணும். படிக்க ஈஸி. ஆனா குளிக்க மாட்டேங்குறார், கெட்ட வார்த்தை பேசுறார், உங்க மேல துப்புறார். இதை எப்படி ஏத்துக்கிறது?

ஏத்துக்கிறது வேற, சரின்னு சொல்றது வேற. ஆளை ஏத்துக்குறோம், அந்தச் செயலுக்கு எல்லை வெக்கிறோம். "நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. ஆனா அடிக்கிறதை இங்க அனுமதிக்க முடியாது. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, கேக்குறேன்." இதுல மூணு வாக்கியம் இருக்கு. முதல் வாக்கியம் அந்த உணர்ச்சியைப் பார்த்துட்டோம்னு சொல்லுது, ரெண்டாவது எல்லை போடுது, மூணாவது கதவைத் திறந்து வெக்குது. "அறிவிருக்கா உங்களுக்கு?"ன்னு கேட்டா மூணுமே போச்சு.

இதுக்குப் பின்னால ஒரு அனுமானம் இருக்கு. எந்த நடத்தைக்கும் ஒரு காரணம் இருக்கும், நமக்கு இன்னும் தெரியாம இருக்கலாம். குளிக்க மாட்டேங்குறவருக்கு சோம்பேறித்தனம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி யோசிக்கணும். டிப்ரெஷன்ல எழுந்து நிக்கவே தெம்பில்லாம இருக்கலாம். பாத்ரூம்ல யாரோ பார்க்குறாங்கன்னு பயமா இருக்கலாம். தண்ணி ஜில்லுன்னு இருக்கலாம், அவ்ளோதான். மூணுக்கும் செய்யவேண்டியது வேற வேற.

வாதாடாதீங்க, ஆமாம் போடாதீங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு அம்மா சொல்றாங்கன்னு வெச்சுக்கோங்க: "சிஸ்டர், சாப்பாட்டுல விஷம் கலந்திருக்காங்க."

நம்ம வாயில தானா வர்ற பதில்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, சாப்பிடுங்க." இது வாதம். டெல்யூஷன்கிறது ஆதாரம் காட்டினா கரையுற விஷயம் இல்ல. நீங்க மறுத்தா, விஷம் வெக்கிற கோஷ்டியில நீங்களும் சேர்ந்துடுவீங்க.

ரெண்டாவது பதில்: "ஆமாம்மா, அந்த சமையல்காரர் மேல எனக்கும் சந்தேகம்." சாப்பிட வெக்கிறதுக்காகச் சொல்ற நல்லெண்ணப் பொய். ஆனா அவங்க பயத்துக்கு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டீங்க.

மூணாவது: "விஷம் இருக்குன்னு நினைக்கும்போது ரொம்பப் பயமாத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தெரியலம்மா. ஆனா காலையில இருந்து நீங்க எதுவும் சாப்பிடல, பசிக்குமே. தோல் உரிக்காத வாழைப்பழம் இருக்கு, ஓடு உடைக்காத முட்டை இருக்கு. நீங்களே உரிச்சு சாப்பிடுறீங்களா?" பயத்தை உண்மைன்னு ஒத்துக்கிட்டோம், விஷத்தை ஒத்துக்கல, பசிக்கு வழி பண்ணிட்டோம்.

குரல் கேக்குதுன்னு சொல்றவங்ககிட்டயும் இதே லாஜிக்தான். "எனக்கு அந்தக் குரல் கேக்கலண்ணா. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. அது என்ன சொல்லுது?" கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. அந்தக் குரல் "உன்னை நீயே காயப்படுத்திக்கோ", "அவனை அடி"ன்னு கட்டளை போடுதுன்னா, அது உடனே சீனியர் ஸ்டாஃபுக்கும் டாக்டருக்கும் போக வேண்டிய தகவல்.

"எல்லாம் சரியாயிடும்"

நம்ம ஊர்ல ஆறுதல்னா ஒரு ரெடிமேட் செட் இருக்கு. "எல்லாம் சரியாயிடும்." "மனசைத் தளர விடாதீங்க." "உங்களுக்கு என்ன குறை?" "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாருங்க." சொல்றவங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா கேக்குறவருக்கு 'இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது'ன்னு காதுல விழுது. பாடத்துல இதை ஃபால்ஸ் ரீஅஷ்யூரன்ஸ்னு தனியாவே குறிச்சு, தவிர்க்கச் சொல்றாங்க.

தவிர்க்க வேண்டிய இன்னொண்ணு 'ஏன்'. "ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?"ன்னு கேட்டா விசாரணை மாதிரி இருக்கும், பதில் தற்காப்பாத்தான் வரும். "மாத்திரையை நிறுத்தின சமயத்துல என்ன நடந்துட்டு இருந்துச்சு?"ன்னு கேட்டா கதை வரும். வேணும்கிற தகவல் ரெண்டுலயும் ஒண்ணுதான். எங்க ஃபீல்டுலயும் ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா "ஏன் இப்படிப் பண்ணினே?"ன்னு ஆரம்பிக்குற மீட்டிங்ல யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. "என்ன வரிசையில நடந்துச்சு?"ன்னு கேட்டாத்தான் விஷயம் வெளிய வரும்.

அப்புறம் மௌனம். நாலு செகண்ட் யாரும் பேசலைன்னா நமக்குக் கை நடுங்கும், எதையாவது சொல்லி நிரப்பணும்னு தோணும். நிரப்பாதீங்க. அவர் அடுத்த வார்த்தையைத் தேடிட்டு இருக்கலாம்.

நர்ஸிங் ஸ்டூடன்ட்ஸுக்கு இதைப் பழக ஒரு அருமையான பயிற்சி இருக்கு: ப்ராசஸ் ரெகார்டிங். நோயாளி சொன்னது, நீங்க சொன்னது, அப்போ உங்க மனசுல ஓடினது, நீங்க பயன்படுத்தின டெக்னிக், எல்லாத்தையும் வரிக்கு வரி எழுதணும். வாரா வாரம் என் பேச்சையே டிரான்ஸ்கிரிப்டா படிக்கிறவன்கிற முறையில ஒண்ணு சொல்றேன்: நாம பேசினதை எழுத்துல பார்க்குறது மாதிரி கண் திறக்குற விஷயம் வேற எதுவும் இல்ல. மார்க்குக்காக அழகுபடுத்தி எழுதாதீங்க. நடுவுல நீங்க பேச்சை மாத்தின இடம் எதுன்னு அதுல அப்படியே தெரியணும்.

நேரா கேளுங்க

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்னா, இதுதான். ஒருத்தருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கோன்னு சந்தேகம் வந்தா, நேரா கேக்கணும். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? தற்கொலை பண்ணிக்கணும்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது தப்பு. கேக்குறதால அந்த எண்ணம் உருவாகுறதில்லன்னு ஆய்வுகள் தெளிவா சொல்லுது. நிறையப் பேருக்கு, யாரோ ஒருத்தர் கேட்டுட்டாங்களேன்னு பாரம் இறங்கும்.

"இருக்கு"ன்னு சொன்னா அடுத்து திட்டம் ஏதாவது வெச்சிருக்காங்களான்னு கேக்கணும், தனியா விடக்கூடாது, உடனே டீமுக்குச் சொல்லணும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர், ப்ராமிஸ் பண்ணுங்க"ன்னு கேட்டா, அந்த வாக்குறுதியைக் கொடுக்கக்கூடாது. "உங்க உயிர் சம்பந்தப்பட்டது, இதை டீம்கிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்லும்போது நானும் கூட இருக்கேன்." ரகசியம் காக்குறது நர்ஸோட கடமைதான். அதுக்கு எல்லை இருக்குற இடம் இது.

வெளியில அவ்வளவா பேசப்படாத ஒண்ணும் இருக்கு. டிப்ரெஷன் மருந்து முழுசா வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மனசு தேறுறதுக்கு முன்னாடி உடம்புல தெம்பு வந்துடலாம். இல்லைன்னா, நேத்து வரைக்கும் அழுதுட்டு இருந்தவர் இன்னைக்குத் திடீர்னு ரொம்ப அமைதியா, லேசா இருப்பார். குடும்பம் "அப்பாடா"ங்கும். நல்ல நர்ஸ் அந்த நேரத்துலதான் கண்காணிப்பைக் கூட்டுவாங்க. வார்டு ரவுண்ட்ஸையும் கடிகாரம் அடிச்ச மாதிரி ஒரே நேரத்துல போக மாட்டாங்க, முன்னப்பின்ன மாத்தி மாத்திப் போவாங்க.

பார்த்ததை எழுதுங்க, தீர்ப்பை எழுதாதீங்க

"நோயாளி வயலன்டா நடந்துகொண்டார்." இது நர்ஸிங் நோட்ஸா? இல்ல, இது தீர்ப்பு. "காலை 10.20-க்கு போன் கேட்டார், மறுக்கப்பட்டது. சத்தமாகப் பேசினார், நாற்காலியைத் தள்ளினார். வராந்தாவுக்கு அழைத்துச் சென்றதும் பத்து நிமிடத்தில் அமைதியானார்." இது நோட்ஸ். ரெண்டாவதைப் படிக்கிற நைட் டியூட்டி நர்ஸுக்கு எது தூண்டுச்சு, எது அமைதிப்படுத்துச்சுன்னு ரெண்டுமே கிடைச்சுடுச்சு. நாங்க யாரும் 'சர்வர் கோவமா இருந்துச்சு'ன்னு லாக் எழுத மாட்டோம். ஒரு மனுஷனைப் பத்தி எழுதும்போது அதைவிட ஜாக்கிரதை வேணும். ஏன்னா 'வயலன்ட்'ங்கிற அந்த ஒரு வார்த்தை ஃபைலோட ஃபைலா பல வருஷம் அவர் கூடவே போகும்.

மருந்தோட பக்கவிளைவை முதல்ல பார்க்குற கண்ணும் நர்ஸோடதுதான். ஹாலோபெரிடால் மாதிரி மருந்து ஆரம்பிச்ச சில நாள்ல சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண்ணு மேல போய் நிக்கும். பார்க்குற சொந்தக்காரங்க பயந்துடுவாங்க, சாமி, பேய்னு கூடப் பேச்சு போகும். உடனே சொன்னா மருந்து கொடுத்துச் சரிபண்ணிடலாம். லித்தியம் எடுக்குறவங்களுக்கு ரத்தத்துல அதோட அளவு கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து. நம்ம ஊர் மே மாச வெயில்ல வேர்த்துக் கொட்டி, தண்ணி சரியா குடிக்கலைன்னா அந்த அளவு ஏறலாம். வாந்தி, பேதி, கை நடுக்கம் அதிகமாகுறது, நடை தள்ளாடுறது, பேச்சு குழறுறது, எதைப் பார்த்தாலும் உடனே ரிப்போர்ட் பண்ணணும். "வெயில் ஒத்துக்கல"ன்னு விட்டுடக்கூடாது.

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநலம் பாதிக்கப்பட்டவங்களை வெச்சிருந்த ஒரு விடுதியில விடியற்காலையில தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் இறந்தாங்க.

'உடல் பலத்தைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்'னு புக்ல ஒரு வரியா இருக்குற பிரின்சிபிளோட எடை அதுதான்.

இப்போ சட்டம் என்ன சொல்லுது? 2017-ல நிறைவேறின மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால கட்டுறதை எந்த வடிவத்துலயும் தடை பண்ணுது. தனி அறையில போட்டுப் பூட்டுறதும் கூடாது. மயக்க மருந்து இல்லாம ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கக்கூடாது. கட்டுப்படுத்துறதுங்கிறது, அவருக்கோ அடுத்தவங்களுக்கோ உடனடி ஆபத்து, வேற வழியே இல்லைங்கிறப்போ மட்டும்தான். அதுவும் மனநல மருத்துவரோட அனுமதியோட, தேவையான நேரத்துக்கு மட்டும். ஏன், எப்படின்னு ரெகார்டுல எழுதணும். தண்டனையா பயன்படுத்தவே கூடாது. இன்னொரு வரி இருக்கு, எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது. சட்டம் எழுதினவங்களுக்கு வார்டு நிலவரம் தெரிஞ்சிருக்கு.

அதே சட்டத்துல சின்னதாத் தெரியுற உரிமைகளும் இருக்கு. விருப்பப்பட்டா சொந்த உடுப்பு போட்டுக்கலாம். கட்டாயமா மொட்டை அடிக்கக்கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் நேரத்துக்குத் தேவையானது கிடைக்கணும். இதை எல்லாம் ஏன் எழுதி வெக்க வேண்டியிருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணினவரைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் கருதணும்னும் அந்தச் சட்டம் சொல்லுது. எமர்ஜென்சி வார்டுல "சாகப் போனவங்கதானே"ன்னு முகம் சுளிக்கிற யாருக்கும் இதைச் சொல்லலாம்.

உறவும் எல்லையும் விடைபெறுறதும்

தமிழ்ல ஒரு அழகு, ஒரு சிக்கல். நமக்கு எல்லாருமே சொந்தம். வார்டுக்குள்ள போன முதல் நாளே அண்ணா, அக்கா, ஐயா, அம்மா. அது மரியாதை, அதை விட வேண்டாம். ஆனா ரெண்டாவது வாரம் "நீ என் பொண்ணு மாதிரிம்மா, உன் நம்பர் கொடு"ன்னு வரும். சிலர் இன்ஸ்டாவுல ரிக்வெஸ்ட் அனுப்புவாங்க. இங்க உறவு அவரோட தேவைக்காக, ஒரு நோக்கத்தோட, ஒரு காலத்துக்கு மட்டும். "என் மேல இவ்ளோ பாசமா இருக்குறது சந்தோஷம்மா. ஆனா நான் உங்களுக்கு இங்க நர்ஸ். இருக்குற வரைக்கும் தினமும் பதினோரு மணிக்கு வருவேன்"னு சொல்லலாம். சொன்னா பதினோரு மணிக்குப் போகணும். பட்டியல்ல கன்சிஸ்டென்சின்னு இருக்குறது இவ்ளோதான். இன்னைக்கு ஒரு ரூல், நாளைக்கு வேற ரூல், காலை ஷிஃப்ட் ஒண்ணு, நைட் ஷிஃப்ட் ஒண்ணுன்னு இருந்தா, ஏற்கனவே எதையும் நம்ப முடியாம தவிக்கிற ஒருத்தருக்குப் பிடிமானமே இருக்காது.

கடைசியா, போஸ்டிங் முடியுற நாள். பாடத்துல இந்த உறவுக்கு நாலு கட்டம் சொல்வாங்க: சந்திக்கிறதுக்கு முன்னாடி உங்களையே தயார் பண்றது, அறிமுகம், வேலை நடக்குற கட்டம், முடிவு. அந்த முடிவு முதல் நாளே ஆரம்பிக்குது. "நான் மூணு வாரம் இருப்பேன்"னு முதல்லயே சொல்லணும், கடைசி வாரத்துல ஞாபகப்படுத்தணும். பல வருஷமா வார்டுல இருக்குறவங்கள்ல நிறையப் பேரைக் குடும்பம் ஒரு நாள் கொண்டுவந்து விட்டுட்டுத் திரும்ப வராமப் போயிருக்கு. நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமக் காணாமப் போனா, அவங்களுக்கு அது பழக்கமான வலி. வந்தேன், இருந்தேன், போறேன்னு சொல்லிட்டுப் போறது, அவங்க வாழ்க்கையில ஒரு பிரிவாவது மரியாதையா நடந்துச்சுன்னு ஆக்கும்.

மெசேஜ் அனுப்பின தங்கச்சிக்கு: பயம் இருக்குறது இயல்பு. அதை டியூட்டர்கிட்டயும் உங்க பேட்ச்லயும் பேசிடுங்க. உங்க மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்குறதும் இந்த வேலையோட ஒரு பாகம்தான். வார்டுல கதவுக்குப் பக்கமா வழியை மறைக்காம உக்காருங்க, சீனியர் ஸ்டாஃப் கண் பார்வையில இருங்க, டைமுக்குப் போங்க. மத்தது வரும்.

கேட்டுட்டு இருக்குற யாருக்காவது இப்போ பேச ஆள் வேணும்னா, மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர் 14416. கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். உங்களுக்காகவும் கூப்பிடலாம், உங்க ரூம்மேட்டுக்காகவும் கூப்பிடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். நல்லாத் தூங்குங்க மக்களே.